கடல் ஒன்பது விரிப்பு தூரத்தில்

என் அத்தை கடலை மீட்டரில் அளந்ததில்லை. படுக்கை விரிப்பில்தான் அளப்பாள். அவள் வேலை பார்க்கும் கடற்கரை விடுதியின் பக்கவாட்டில், கடலைப் பார்த்து நேர்கோடாகப் பன்னிரண்டு இரும்புக் கம்பங்கள் நட்டுக் கொடி கட்டியிருந்தார்கள். துவைத்த விரிப்புகள் அதில்தான் காயும். இரண்டு கம்பங்களுக்கு நடுவில் விளிம்போடு விளிம்பு சேர்த்துப் போட்டால் சரியாக நாலு இரட்டைக் கட்டில் விரிப்பு. நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது பன்னிரண்டு கம்பமும் கரையில் நின்றன. ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது ஏழுதான் இருந்தன.

"இருபது விரிப்பு உள்ள வந்துட்டான்" என்றாள் அத்தை, வீட்டுக்குள் செருப்போடு நுழைகிறவனைப் பற்றிச் சொல்வதுபோல.

அவளுக்கு அங்கே இருபத்துமூன்று வருடச் சேவை. சேர்ந்தபோது அறை துடைக்கும் பெண். இப்போது பதினொரு பெண்களுக்கு மேற்பார்வை. ஆனாலும் யாராவது விரிப்பின் மூலையைச் சரியாக மடித்துச் செருகவில்லை என்றால், திட்டமாட்டாள். தானே குனிந்து பிரித்து மடிப்பாள். திட்டுவதைவிட அது அந்தப் பெண்களுக்கு அதிகம் உறைத்தது. மாமாவும் அதே விடுதியில்தான், மோட்டாரும் ஜெனரேட்டரும் பார்ப்பவர். கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப்போன பிறகு, தண்ணீர் லாரிக்காகக் காத்திருப்பதே அவருடைய வேலை என்று ஆகிவிட்டது. "மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி இருக்கேன். உக்காரவும் முடியல, கிளம்பவும் முடியல" என்பார்.

விடுதியைக் கட்டிய பெரியவர், வரிசைக்கு நாலாக நாலு வரிசை, மொத்தம் பதினாறு அறை கட்டினார். எண்கள் கடல் பக்கமிருந்து தொடங்கின. எல்லாவற்றுக்கும் பின்னால் ஐந்தாவதாக ஒரு வரிசை, வேலையாட்களுக்கு. இன்னொரு வரைபடம் போடச் சோம்பல்பட்டாரோ, நல்ல மனசோ, அதையும் விருந்தினர் அறை மாதிரியே கட்டிவிட்டார். அதே சன்னல், அதே குளியலறை. அதில் மூன்றாவது கதவு அத்தையும் மாமாவும் குடியிருந்த வீடு. அந்த வரிசையின் முதுகுக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மணல்மேடு, முள்செடியும் கொடியும் படர்ந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் உப்பங்கழி. கடலிலிருந்து பிரிந்து வளைந்து உள்ளே வந்து, சாதுவாகக் கிடக்கும்.

முதல் வரிசைச் சுவர் விரிசல் விட்ட வருடம் ஒரு யோசனை தோன்றியது. அது அத்தையின் யோசனைதான். பழகிய வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் "ஒண்ணாம் நம்பர் இருக்கா" என்றுதான் கேட்பார்கள். ஒன்றாம் எண் கடலுக்குள் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? சுவர் விழுவதற்கு முன்பே அத்தை ஒரு திருப்புளியோடு போய், எண் பொறித்த நாலு பித்தளைத் தகடுகளையும் கழற்றி, அடுத்த வரிசைக் கதவுகளில் முடுக்கினாள். ஐந்து ஒன்றானது. மூன்று வருடம் கழித்து அந்த வரிசையும் போக, ஒன்பது ஒன்றானது. தேனிலவுக்கு வந்து ஒன்றாம் எண்ணில் தங்கிய ஒரு தம்பதி வருடா வருடம் அதே அறை வேண்டும் என்று வருவார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது இப்போது மூன்றாவது அறை என்று அவர்களுக்குத் தெரியாது. போன வருடம் அந்த அம்மாள் கட்டிலில் உட்கார்ந்து, "அப்படியே இருக்கு, ஒண்ணுமே மாறல" என்று கண் கலங்கினாராம். அத்தை தலையணையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

நான் வந்த வாரம், பெரியவரின் மகன் வேலையாட்களைக் கூப்பிட்டுப் பேசினார். எல்லாரும் அவரைச் சின்னவர் என்பார்கள். முன்பெல்லாம் கோடையில்தான் கூட்டம். இப்போது கோடையில் மதியம் வெளியே தலைகாட்ட முடியவில்லை. அதனால் விருந்தினர்கள் மழை முடியும் மாதங்களுக்கு நகர்ந்துவிட்டார்கள். கடல் ஆக உயரமாக ஏறுவதும் அந்த மாதங்களில்தான். அறை எட்டாகக் குறைந்தும், வருகிறவர்கள் மட்டும் குறையவில்லை. கடல் கொண்டுபோவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்றே பலர் வந்தார்கள். சின்னவர் சுருக்கமாகச் சொன்னார். முன்வரிசை விழும் நாளில் பின்வரிசைக்கு ஒன்று முதல் நாலு வரை எண் வரும். வேலையாட்கள் வரிசைக்கு வண்ணம் அடித்து, ஐந்து முதல் எட்டு ஆக்கப்படும். வேலை யாருக்கும் போகாது. இருப்பிடம் மட்டும் அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அத்தை கேட்டது ஒன்றே ஒன்று. "முன்வரிசை நிக்குற வரைக்கும் நாங்க இருக்கலாம்ல தம்பி?"

"நிக்குற வரைக்கும் தாராளமா இருங்கக்கா" என்றார் சின்னவர். அவர் கெட்டவர் இல்லை. கடல் வந்து சேர இன்னும் எத்தனை நாள் என்று கேட்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டார்.

இருப்பிடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் எங்கே? ஊருக்குள் வாடகை வீடு என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த இடுக்கைக்கூட வெள்ளை அடித்து, திரை தொங்கவிட்டு, நாள் வாடகைக்கு விட்டிருந்தார்கள். நானும் மாமாவும் நாலு தெரு அலைந்தோம். ஒரு வீட்டுக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "எத்தனை நாள் தங்கல்?" என்றார். "சாகுற வரைக்கும்" என்றார் மாமா. அவர் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் வீட்டில் ஒரே கூடம், அதிலும் அம்மா தையல் இயந்திரத்தைப் போட்டுப் பாதியை அடைத்திருந்தாள். அம்மாவுக்கும் அத்தைக்கும் இருபது வருடமாக நேரடிப் பேச்சு கிடையாது. காரணம் இருவருக்குமே மறந்துவிட்டது.

அப்போது முன்வரிசையின் வாசற்படிக்கும் கடலுக்கும் நடுவில் ஒன்பது விரிப்பு தூரம். அத்தை அதைக் காலையும் மாலையும் கொடியின் பக்கத்தில் நின்று பார்ப்பாள். மாதத்துக்கு ஒரு விரிப்பு என்று போனால்கூட அடுத்த வருடம் தாண்டாது.

விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. கறை போகாத விரிப்பு, தலையணை உறைகளின் ஒரு மூலையைக் கத்தரித்துவிட்டுக் கழிவுத்துணி மூட்டையில் போடுவார்கள். மூலை கத்தரித்தது மறுபடி கட்டிலுக்கு வராது. ஒருநாள் அத்தை அந்த மூட்டையைப் பிரித்து உட்கார்ந்தாள். கத்தரித்த மூலைகளைத் தைத்தாள். மதியம் வேலை ஓய்ந்த நேரத்தில் உறைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், மணல்மேட்டில் மண்வெட்டியால் அள்ளி நிரப்பி, வாயைத் தைத்து, ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி வந்து ஒன்றாம் எண் அறையின் அஸ்திவாரத்தில் அடுக்கத் தொடங்கினாள். முன்பக்கம் மணல் என்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை, வெறும் களியும் கல்லும்தான். அதனால் பின்பக்கம் போகவேண்டியிருந்தது.

மாமா மேட்டின் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "முந்தானைய கிழிச்சு முன்னாடி ஒட்டுப் போடுறா உங்க அத்தை" என்றார் என்னிடம்.

"மேடு எவ்ளோ பெருசு. நான் ஒருத்தி அள்ளி எந்தக் காலத்துல குறையப் போகுது" என்றாள் அத்தை. அவள் சொன்னது சரி. நாளைக்குப் பத்து உறை, பன்னிரண்டு உறை. அந்த வேகத்தில் மேடு அவள் ஆயுசுக்கும் தாங்கியிருக்கும்.

ஆறு வருடம் நான் இந்த மாதிரி அறைகளில்தான் படுத்து எழுந்தேன். பல கடற்கரைகளில், பல ஒன்றாம் எண்களில். ஈரத் துண்டைத் தரையில் போட்டுவிட்டுப் போனால் மாலையில் மடித்த துண்டு இருக்கும். மடித்தது யார் என்று யோசித்ததில்லை. அந்தப் பழக்கத்தில்தானோ என்னவோ, கைபேசி கையிலேயே இருந்தது. மேட்டிலிருந்து அத்தை இறங்கி வரும்போது ஒரு படம் எடுத்தேன். தோளில் வெள்ளைத் தலையணை உறை, அதன் ஓரத்தில் விடுதியின் பெயர் நூலால் பின்னியிருக்கிறது, பின்னால் கடல். நாலு பேருக்குத் தெரியட்டும் என்று நினைத்து இணையத்தில் பொதுவில் போட்டேன். அத்தையிடம் கேட்டுக்கொண்டுதான் போட்டேன். "என் மூஞ்சியப் பாக்க யாருக்கு நேரம் இருக்கு, போடு" என்றாள்.

எல்லாருக்கும் நேரம் இருந்தது. பத்து நாளில் அந்தப் படம் நான் போயிராத நாடுகளுக்கெல்லாம் போய்விட்டது. விடுதித் தொலைபேசி ஓயவில்லை. தலையணை அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வந்தவர்கள் தாங்களும் ஒன்று நிரப்புகிறோம் என்றார்கள். முதலில் விளையாட்டாகத்தான் தொடங்கியது. பிறகு சின்னவர் புதிய உறைகளைக் கட்டுக்கட்டாக வாங்கினார், மேட்டடியில் ஒரு பந்தல் போட்டார், விருந்தினர் தம் பெயரை எழுத அழியாத மைப் பேனா வைத்தார். பெயர் எழுதிய பக்கம் கடலைப் பார்க்கும்படி அடுக்கவேண்டும். அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். தங்காதவர்களும் பகலில் பேருந்து பிடித்து வந்து நிரப்பிவிட்டுப் போனார்கள். கரையைக் காப்பாற்ற வந்தவர்கள் இரவெல்லாம் அறையைக் குளிரவைத்துப் போர்வை கேட்டார்கள். ஜெனரேட்டர் ஓயாமல் ஓடியது. ஒரு லாரித் தண்ணீர் மூன்று லாரியானது. லாரி திரும்ப இடம் போதவில்லை என்று மேட்டின் ஓரத்தை இடித்து வழி அகலப்படுத்தினார்கள்.

அத்தைக்கு அந்த இரண்டு மாதமும் தலைகால் புரியாத சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். முன்வரிசையின் முன்னால் இடுப்பு உயரத்துக்கு வெள்ளைச் சுவர் எழுந்தது. மிச்சமிருந்த ஏழில் கடலோரம் நின்ற கம்பத்தைக் கடல் தொட்டது. ஆனால் சுவர்வரை வந்து திரும்பியது. "அடுத்த வருஷமும் நம்ம வீடு நம்மளுதுதான்" என்று மாமாவிடம் சொல்லி, பல வருடமாகத் தள்ளிப்போட்டிருந்த சமையலறை அலமாரிக்குக் கதவு மாட்டச் சொன்னாள். அவரும் மாட்டினார்.

மேடு தேய்ந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு காலையில் பின்கதவைத் திறந்தபோது மேட்டுக்கு மேலாகக் கழித் தண்ணீர் மினுங்குவதைப் பார்த்தாள். இருபத்துமூன்று வருடத்தில் அந்த வாசலிலிருந்து அது தெரிந்ததே இல்லை. அன்றே சின்னவரிடம் போய், இனி மேட்டில் அள்ள வேண்டாம், வெளியிலிருந்து மணல் கொண்டுவரலாம் என்றாள். நானும் கூட நின்றேன். சின்னவர் பொறுமையாகக் கேட்டார். தம் கையால் அள்ளுவதற்குத்தான் ஜனங்கள் வருகிறார்கள், லாரியில் கொட்டிய மணலுக்கு யாரும் வரமாட்டார்கள் என்றார். கடல் பெரிதாக ஏறும் மாதம் இது ஒன்றுதான், அது கழிந்ததும் நிறுத்திவிடலாம் என்றார். பிறகு, "இப்ப நிறுத்தினா முன்வரிசை தாங்காதுக்கா. உங்களுக்கே தெரியும்" என்றார்.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. நான்தானே உலகம் சுற்றியவள். நான் மேட்டுப் பக்கம் பார்த்தேன்.

"சரி, இந்த ஒரு மாசம்" என்றாள்.

பௌர்ணமிக்கு மறுநாள் மதியம் காற்று திசை மாறியது. இரண்டு மணிக்குக் கடல் சுவரைத் தொட்டது, மூன்று மணிக்கு அறைந்தது. விருந்தினர்கள் முன்வரிசைத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு அலையும் உறைகளில் மோதிச் சிதறும்போது கைதட்டினார்கள். தம் பெயர் எழுதிய உறை எங்கே என்று குனிந்து தேடினார்கள். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுக்கு விட்ட இடங்களில் உறைகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். நானும் தூக்கிக் கொடுத்தேன். எங்கள் இருவர் முதுகும் வீட்டைப் பார்த்து இருந்தது. தேனிலவுத் தம்பதி தங்கள் ஒன்றாம் எண் வாசலிலிருந்து, "விடாதீங்கம்மா" என்று குரல் கொடுத்தார்கள்.

சுவர் தாங்கியது. இதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு உறைகூட நழுவவில்லை.

அப்போது மாமா பக்கவாட்டு வழியாக நடந்து வந்தார். மார்புவரை நனைந்திருந்தார். கையில் அவர் புதிதாக மாட்டிய அலமாரிக் கதவு ஒன்று மட்டும் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்திருந்தவர். எப்போதும் ஒரு வேடிக்கை வைத்திருப்பவரிடம் அன்றைக்கு எதுவும் இல்லை.

"பின்பக்கமா வந்துடுச்சு" என்றார்.

ஓடினோம். கழிமுகம் வழியாகப் புகுந்த கடல், கழியை நிரப்பி, லாரிக்காக இடித்த இடத்தில் மேட்டைப் பிளந்து உள்ளே வந்திருந்தது. வேலையாட்கள் வரிசையின் பின்சுவர் முழுசாக விழுந்து, நாலு வீடும் திறந்த அலமாரி மாதிரி நின்றன. அத்தையின் கட்டில் லாரிப் பாதையில் மிதந்தது. கட்டில்மேல் விரிப்பு அப்படியே செருகியபடி இருந்தது, நாலு மூலையும் கலையாமல். அவள் தண்ணீருக்குள் இறங்கி, கட்டிலைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். நான் அவளை இழுத்தேன். "விடுடி, ஈரமாயிடும்" என்றாள். எது ஈரமாகும் என்று நினைத்தாளோ தெரியவில்லை. முன்பக்கமிருந்து இன்னும் கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. பின்னால் என்ன நடந்தது என்று அவர்களுக்கு யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் சின்னவர் வந்து பார்த்தார். உண்மையாகவே வருந்தினார். மிச்சச் சுவரை இடித்து அப்புறப்படுத்த ஆள் வைத்தார். முன்வரிசை நிற்கிறதே, வாக்கு கொடுத்தீர்களே என்று மாமா கேட்டார். முன்வரிசை நிற்கும் வரை இருக்கலாம் என்றுதானே சொன்னது, இருப்பதற்கு உங்கள் வரிசை வேண்டுமே என்றார் சின்னவர்.

இப்போது அத்தையும் மாமாவும் எங்கள் கூடத்தில் இருக்கிறார்கள். அம்மா தையல் இயந்திரத்தை மடித்துச் சுவரோரம் தள்ளிவிட்டாள். முதல்நாள் அத்தையின் முன்னால் தட்டை வைத்து, என்னைப் பார்த்து, "சாப்பிடச் சொல்லு" என்றாள். இருபது வருடத்துக்குப் பிறகு அதுவரைக்கும்தான் வந்திருக்கிறது. மாமாவுக்குப் படுத்தால் தூக்கம் வருவதில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தே கண்ணை மூடுகிறார். அத்தை தினமும் ஐந்தரைப் பேருந்தில் வேலைக்குப் போகிறாள். போகாமல் என்ன செய்வது? அறை எட்டும் நிறைந்திருக்கின்றன.

படத்தை அழித்துவிடச் சொல்லி என்னிடம் கேட்டாள். அழித்துவிட்டேன். அது அழியாது என்று அவளுக்குச் சொல்ல மனம் வரவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. சின்னவர் அதைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். உப்புக்காற்றில் கண்ணாடி இரண்டு நாளுக்கு ஒருமுறை மங்கிவிடும். அதைத் துடைப்பதும் அத்தையின் பொறுப்பில்தான் வருகிறது.

நேற்று மாலை வந்து கால் நீட்டி உட்கார்ந்தவளிடம், கடல் எத்தனை விரிப்பு என்று கேட்டேன். பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.

"இப்பல்லாம் பாக்குறதில்ல" என்றாள். கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள், "இன்னிக்கு ஒரு பொண்ணு வந்துச்சு. உன் வயசு இருக்கும். நான் கண்ணாடி துடைச்சிட்டு இருக்கேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பாத்துச்சு. அது நீங்களான்னு கேட்டுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றாள் அத்தை.